புல்வெளிப் பக்கத்துக் கதவு

லெஸ்லி சமையலறைக் கத்தியை வாசற்கதவின் இடுக்கில் செருகி மேலிருந்து கீழே இழுத்தாள். காய்ந்த பெயிண்ட் செதில் செதிலாக அவள் கறுப்புக் காலணி மீது உதிர்ந்தது. பின்னால் கூடத்தில், மூடிய சவப்பெட்டிக்குள் அம்மா.

"பின்பக்கமே எடுத்துட்டுப் போயிரலாம், லெஸ். வண்டி கராஜ் பக்கம்தானே நிக்குது" என்றான் தம்பி கீத்.

"குப்பைத்தொட்டி பக்கமாவா?"

"அம்மா பார்க்கவா போறாங்க?"

"இத்தனை வருஷம் ஸ்பெயின்ல போய் வெயில் காஞ்சவனுக்கு அப்படித்தான் இருக்கும். தள்ளுடா."

உலகப் போர் முடிந்து லண்டனுக்கு வெளியே இந்தப் புது நகரத்தைக் கட்டியவர்கள் வீடுகளின் முகத்தைப் புல்வெளிக்கும் முதுகைச் சாலைக்குமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். பால், விருந்தாளி, பிள்ளைகள் எல்லாம் வருவது சமையலறை வழியாகத்தான். வாசற்கதவைத் தட்டினால் ஊருக்குப் புதியவர் என்று அர்த்தம். அம்மா மட்டும் விதிவிலக்கு. லண்டனில் குண்டு விழுந்த தெருவில் ஒரே கழிப்பறையை நாலு குடும்பத்தோடு பகிர்ந்தவள். பேனாத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்தாலும், சுற்றிக்கொண்டு புல்வெளிப் பக்கமாகவே வீட்டுக்குள் நுழைவாள். முட்டி தேய்ந்த பிறகுதான் அது நின்றது. குளிர் வருகிறதென்று கதவை அடைத்துப் பெயிண்ட் பூசியவள் லெஸ்லி. போன மாதம்தான் அம்மா சொன்னாள்: "என்னைக் குப்பையோட குப்பையா அனுப்பிடாத, கண்ணு. முன்பக்கமா போறேன்."

"புல்லு ஈரமா இருக்கு, மேடம். சுத்தி வேற தூக்கணும்" என்றார் பெட்டி தூக்க வந்தவர்களின் தலைவர்.

"தூக்குங்க" என்றாள் லெஸ்லி.

கீத் தோளைக் கொடுத்து மோத, கதவு முனகிக்கொண்டு திறந்தது.

வெளியே ஒருவரும் இல்லை. நகராட்சி ஆள் ஒருவன் மட்டும் புல் வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சத்தம் நின்றதும் கூரைக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு பாலீனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் ஆளையே காணோமே?"

"டீ குடிக்கிறாங்களோ என்னமோ."

அங்கே சாலைப் பக்கம் தெருவே கறுப்பு உடையில் சமையலறைக் கதவைப் பார்த்தபடி காத்திருந்தது. கீத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பெட்டி புல்வெளியோரப் பாதையில் மெல்ல நகர்ந்தது. லெஸ்லி திரும்பி வந்து கதவை இழுத்தாள். உப்பிய மரம் சட்டத்துக்குள் இறங்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

"வா லெஸ், வண்டி நிக்குது."

"மூட மாட்டேங்குது."

"விடு. யாரு இந்தப் பக்கம் வரப்போறா?"

அவள் கைப்பிடியை விட்டாள். அவர்கள் வீட்டு வரிசையின் கோடியில் திரும்பும்போது பின்னால் இயந்திரம் மறுபடி கிளம்பியது. வெட்டிய புல்லின் வாசனை இந்நேரம் சமையலறை வரை போயிருக்கும்.