கழுவக் கூடாத விசில்

ஏழாம் கேட்டில் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே ஷிப்ட் மாறும். மணி இரண்டு ஆகிவிட்டதே என்று வண்டியை நிறுத்தி வைப்பதெல்லாம் அந்தக் குடோனில் கிடையாது. காலை ஷிப்டுக்காரரை எல்லோரும் நெட்டை என்பார்கள், அவர் விசிலை வாயிலிருந்து எடுத்து நீட்டுவார். மதிய ஷிப்டுக்கு வந்தவள் வாங்கிய கையோடு அதை வாயில் வைத்து ஊத வேண்டும். விசில் சத்தத்தை வைத்துத்தான் லாரி பின்னால் வரும், நடுவில் ஒரு மூச்சு விட்டுப்போனாலும் டிரைவர் பிரேக்கை மிதித்துவிடுவார். பின்னால் வரிசையில் நிற்கிற எட்டு வண்டிகளும் ஹாரனில் கை வைத்துவிடும்.

மூன்று வருஷமாக அந்தக் கேட்டில் நின்று நின்று, நம்பரே அவளுக்குப் பேராகிவிட்டது. எல்லோருக்கும் அவள் ஏழு. டிரைவர்கள் ஏழு இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் எந்தக் கேட் என்றே கேட்பார்கள். ஏழு நின்றால் வண்டி சரக்கு ஏற்றுகிற மேடையில் உரசாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

ஒரு கேட்டுக்கு ஒரு விசில்தான். உள்ளே சின்னத் தக்கைக் குண்டு உருளுகிற பழைய உலோக விசில். தண்ணீர் பட்டால் குண்டு ஊறிப் பருத்துவிடும், சத்தம் எழும்பாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் விவரம் தெரியாமல் அதைக் குழாயில் கழுவிவிட்டு, அரை நாள் ஆபீஸ் வாசலில் நின்று திட்டு வாங்கினாள். அதற்குப் பிறகுதான் குழாய்க்கு மேலே அந்தப் போர்டு வந்தது. விசிலைத் தண்ணீரில் கழுவக் கூடாது, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும், இப்படிக்கு நிர்வாகம். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். சட்டைக் கையில் ஒரு துடைப்பு, அவ்வளவு போதும் என்பாள்.

தொண்டை கட்டியது ஒரு திங்கட்கிழமை. எச்சில் விழுங்கினால் முள்ளை விழுங்குவதுபோல் இருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் கோலிக்குண்டுகள் மாதிரி வீங்கின. அப்படியே மூன்று நாள் ஊதினாள். நான்காம் நாள் மேடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். குடோனின் முதலுதவி அறை நர்ஸ் தொண்டையைக் கூடச் சரியாகப் பார்க்காமல், கைக்கு வந்த தொண்டைப்புண் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினாள். மாத்திரை வேலை செய்தது என்னவோ உண்மை. சனிக்கிழமை காலையில் நெற்றி முதல் பாதம் வரை உடம்பு செக்கச்செவேலென்று தடித்துப்போயிருந்தது.

அவளும் அவளுடைய அக்காவும் இருப்பது ஒற்றை அறையில். அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த அறைக்கு வருகிற சம்பளம் ஏழினுடையது ஒன்றுதான். அப்படிச் சம்பாதித்துப் போடுகிற தங்கை இப்போது தலை வாரக் கையைத் தூக்கினால் கை ஓய்ந்து விழுந்தது. ஒரு பக்கம் வாரிவிட்டுப் படுத்தாள். எழுந்து மறுபக்கம் வாரினாள்.

"மீதித் தலைக்கு நாளைக்கு லீவா?" என்று அக்கா கேட்டாள். கேட்டவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். அங்கே அப்படி உட்கார்ந்து பேசுகிற டாக்டரை அக்கா அதுவரை பார்த்ததில்லை.

"இதுக்குப் பேரு சுரப்பிக் காய்ச்சல். மோனோன்னும் சொல்லுவாங்க. எச்சில் வழியா பரவுற கிருமி. நிறைய பேருக்குச் சின்ன வயசுலயே வந்தது தெரியாமப் போயிடும். வளந்தப்புறம் வந்தாத்தான் இப்படிப் புரட்டிப் போடும்."

இந்தக் கிருமியைக் கொல்ல மாத்திரை கிடையாது, ஓய்வும் தண்ணீரும்தான் வைத்தியம் என்றார். நர்ஸ் கொடுத்த மாத்திரை இந்தக் காய்ச்சலில் தின்றால் பலருக்கு உடம்பு தடிக்கும், அதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். அசதி போகச் சில வாரம் ஆகும். சிலருக்கு மாதக்கணக்கில்கூட இழுக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்கக் கூடாது. பிறகு தன் விரல் அழுத்திய இடத்தைக் காட்டினார். மண்ணீரல் வீங்கியிருக்கிறது. பாரம் தூக்கினாலோ, அங்கே அடி பட்டாலோ அது உள்ளேயே கிழிந்து ரத்தம் கொட்டிவிடும். இடது பக்கம் சுரீரென்று வலி வந்தால் மணி பார்க்காமல் ஓடி வர வேண்டும். வீக்கம் வடிகிறவரை ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது.

யாரோடாவது ஒரே டம்ளரில் குடிப்பதுண்டா, ஒரே ஸ்பூனில் சாப்பிடுவதுண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டியவள் பாதியில் நிறுத்தினாள். ஒன்றரை மாதம் முன்னால் நெட்டை தொண்டை வலி என்று நாலு நாள் லீவு போட்டதும், ஐந்தாம் நாள் கம்மிய குரலோடு வந்து விசிலை நீட்டியதும் ஞாபகம் வந்தன.

"விசில்," என்றாள்.

"கழுவுவீங்களா?"

"கழுவக் கூடாதுன்னு போர்டு இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா கடிதத் தாளை இழுத்துக்கொண்டார். கிருமி உடம்பில் நுழைந்து காய்ச்சலாக வெளியே வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், வந்தவர் எச்சிலில் அது மாதக்கணக்கில் இருக்கும் என்றார். இன்னாரிடமிருந்து வந்தது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் ஒரே விசில் என்றால் வர வழி இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கும் வேலை கூடாது, ஆளுக்கொரு விசில் தர வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு அந்தக் கடிதத்தோடு போனாள். மேனேஜர் கடிதத்தை அரைப் பக்கம் படித்தார். நோயின் பேரைப் போனில் தட்டினார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு ஏறியது.

"முத்தக் காய்ச்சல்னு போட்டிருக்கேம்மா," என்றார். அந்த நெட்டையும் லீவு போட்டான் இல்லையா என்று அவராகவே கேட்டு, அவராகவே ஆமாம் என்று சொல்லிக்கொண்டார். விசில் பற்றி எழுதியிருந்த இடத்துக்கு அவர் கண் வரவே இல்லை. குடோனுக்கு வெளியே ஆளாளுக்குச் செய்கிற காரியத்துக்கெல்லாம் நிர்வாகம் லீவு கொடுக்க முடியாதாம். இந்த நோய் என் சொந்த நடத்தையால் வந்தது என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் விசில் வேலை அவளுக்கே. மாட்டேன் என்றால் நாளை முதல் மூட்டை அடுக்கும் பிரிவு.

மூட்டை ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று தாளைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டாள். டீ இடைவேளைக்குள் அந்தப் பேச்சு கண் காது மூக்கு வைத்துப் பன்னிரண்டு கேட்டையும் சுற்றிவிட்டது.

வீட்டில் அக்கா பயந்துபோனாள். கையெழுத்துதானே, போட்டுத் தொலைத்துவிடு, யார் படிக்கப்போகிறார்கள் என்றாள்.

"நாளைக்கு நான் செத்தாலும் அந்தத் தாள் இருக்கும்க்கா," என்றாள் ஏழு. "மூட்டையும் தூக்க மாட்டேன். போடவும் மாட்டேன்."

மறுநாள் இரண்டு மணிக்கு ஏழாம் கேட்டில் மேனேஜர் தாளும் பேனாவுமாக நின்றார். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் அங்கே வந்திருந்தார். லாரி பாதி ரிவர்ஸில் இருந்தது. நெட்டை முகத்தைத் தூக்க முடியாமல் விசிலை நீட்டினார். ஏழு வாங்கினாள். ஊதவில்லை. டிரைவர் பிரேக் போட்டார்.

"என்ன ஆச்சு, ஊது," என்றார் மேனேஜர்.

"இதத்தான் சார் நான் மூணு வருஷமா முத்தம் குடுத்தேன். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்."

லேபிள் ஒட்டுகிற மேஜையிலிருந்து ஒருத்தி கையில் ஒட்டிய பசையோடு எழுந்து வந்தாள். நெட்டையின் மனைவி. அவள் வந்து ஏழுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றாள்.

"சார், எனக்கு முத்தம் குடுக்கவே அந்த மனுஷனுக்கு நேரமில்ல. டபுள் ஷிப்ட் போட்டது நீங்கதானே. நாக்கு மேல பல்லப் போட்டு எவன் பேசினாலும் இங்க வந்து என் முன்னாடி பேசட்டும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மேடை முழுக்க ஓடியது. பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பின. ஆறாம் கேட்டுக்காரன் தன் விசிலை வாயிலிருந்து எடுத்து, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேடை விளிம்பில் வைத்தான். எட்டாம் கேட்டும் நின்றது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு கேட்டிலும் சத்தம் அடங்கி, ஹாரன் மட்டும் மிச்சமிருந்தது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ஆளில்லாவிட்டால் நானே ஊதி வண்டியைப் பின்னால் வரவைத்துக் காட்டுகிறேன் என்று கத்தினார். ஏழு உள்ளங்கையை விரித்தாள். விசில் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஊதுங்க சார்."

கத்திய வாயோடு அவர் அதை எடுத்துக்கொண்டார். கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை துடைத்தார். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் குழாயடிக்கு நடந்து, போர்டுக்குக் கீழே குனிந்து, விசிலைத் தண்ணீரில் காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவினார். உதறினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

பிறகு மறுபடியும் குழாயைத் திறந்தார்.