மாமிக்காக ஒரு குடும்ப ஜெபம்

என் மனைவியின் குடும்பத்தில் யாரும் நேருக்கு நேர் சண்டை போடுவதில்லை. ஜெபம் செய்வார்கள். ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. முடிந்ததும் ஆமென் சொல்ல வேண்டும். இதைவிட வசதியான ஏற்பாட்டை எந்த வக்கீலும் கண்டுபிடித்ததில்லை.

தொண்ணூற்று ஐந்தில் என் மனைவி ஷிஜா படுக்கையில் விழுந்தபோது, அவளைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா, என் மாமி லீலாபாய், கொல்லயில் ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். அடுத்த வருஷம் ஷிஜா இறந்தாள். மாமி இங்கேயே இருந்துவிட்டார். போ என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அதுவரை கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்த்த அவருடைய மற்றப் பிள்ளைகள் இருவரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வந்து இறங்கினார்கள்.

மூத்தவர் சுந்தரதாஸ் நெய்யாற்றின்கரையில் புது வீடு கட்டியிருந்தார். அதில் காருக்கு ஓர் அறை உண்டு. அடுத்தவள் பிரேமகுமாரி, திருவனந்தபுரத்தில் பிளாட்டில் இருந்தாள். பனச்சமூட்டுக்கு அப்பால் புதிதாகத் திறந்திருக்கும் முதியோர் இல்லத்தின் விளம்பரத் தாள் அவள் கையில் இருந்தது. படத்தில் ஒரு கிழவி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிழவியைவிட ரோஜா தெளிவாக விழுந்திருந்தது.

"எல்லாம் இங்கிலீஷ் டாய்லெட்டாக்கும்" என்றாள் என்னிடம். மாமி பக்கத்தில்தான் இருந்தார்.

"எனக்குக் காது கேக்கும் பிள்ளே" என்றார் மாமி.

சுந்தரதாஸ் தொண்டையைச் செருமினார். "முதல்ல ஜெபிப்போம் அம்மா. ஆண்டவரு வழி காட்டுவாரு."

வழி ஏற்கெனவே, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது உட்பட, அந்தத் தாளில் அச்சாகியிருந்தது.

கண்களை மூடினோம். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே" என்று சுந்தரதாஸ் சபைத் தமிழில் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே தன் வீட்டுக்குப் போய்விட்டார். "எங்க வீட்டுத் தரை முழுசும் மொசைக்குன்னு நீர் அறிவீர். கண்ணாடி மாதிரி வழுக்கும். அம்மா விழுந்தா அந்த வேதனைய எங்களால தாங்க முடியாது, கர்த்தாவே."

மொசைக் போட்டபோது கர்த்தரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரேமகுமாரி அழுதுகொண்டே ஜெபித்தாள். "எங்க பிளாட்டு மூணாவது மாடியாக்கும் அப்பா. லிஃப்ட் கிடையாது." பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறவருக்கு லிஃப்ட் எதற்கு? "இந்தத் தம்பிக்குச் சின்ன வயசு. நல்ல ஒரு துணைய நீர் ஒருக்கி வச்சிருப்பீர். எங்க அம்மை அதுக்குத் தடையா இருக்கப்பிடாது. ஊருக்காரங்க வாயையும் நீர் அறிவீர்." ஷிஜாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஆண்டவருக்குத் தெரிவிக்கிற சாக்கில், அவள் அக்கா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது மாமி. கடைசி ஜெபம் வீட்டுக்காரனான என்னுடையது. ஷிஜாவின் அடக்கத்துக்குப் பிறகு நான் வாய் திறந்து ஜெபித்ததில்லை. என் பங்கையும் மாமிதான் சேர்த்து முடிப்பார், வரப் பிந்தினால் என் சோற்றை மூடி வைப்பதுபோல.

நான் கண்ணைத் திறந்தேன். மாமியும் திறந்துதான் வைத்திருந்தார்.

"ஆண்டவரே, எனக்க பிள்ளையளுக்கு எம்மேல ரொம்ப அக்கறை. ஸ்தோத்திரம். மொசைக்கு சொன்னாங்க, மாடி சொன்னாங்க. நான் எங்க இருக்கணும்னு எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல. நீராவது கேக்கப்பிடாதா? கேட்டா, இங்கன்னு சொல்லுவேன். ஆனா இது எனக்க வீடு இல்ல. வீட்டுக்காரன் முடிக்கட்டும்."

ஆமென் சொல்லவில்லை.

"மாப்பிள ஜெபிக்கமாட்டாரு அம்மா" என்றார் சுந்தரதாஸ், மூடிய கண்ணோடு. "அவருக்கும் சம்மதந்தான், பாத்தா தெரியாதா? நீங்களே முடியுங்க."

மாமி முடிக்கவில்லை.

எனக்கு ஆண்டவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. சுந்தரதாஸிடம் சொல்ல இருந்தது.

"ஆண்டவரே" என்றேன். "மாமி இங்கதான் இருப்பாவ. நான் வேலைக்குப் போற நேரம் பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரிய வந்து இருக்கச் சொல்லுவேன். கிணத்தடியில பாசி உண்டு. நாளைக்குச் சுரண்டிப் போடுவேன். எனக்குப் பெண்ணு ஒண்ணும் ஒருக்க வேண்டாம். ஆமென்."

"ஆமென்" என்றார் மாமி. பிரேமகுமாரியும் சொல்லிவிட்டாள், பிறந்ததிலிருந்து பழகிய வாய். எதற்குச் சொன்னோம் என்று பிறகுதான் விளங்கி, கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள்.

"இது ஜெபமா மாப்பிள?" சுந்தரதாஸ் எழுந்துவிட்டார்.

"எலே, நீ ஆமென் சொல்லல்லியே" என்றார் மாமி. "சபைக் கமிட்டி மெம்பராக்கும்!"

மெம்பர், கசாயம் விழுங்குகிறவரைப் போல, ஆமென் சொன்னார்.

"மக்கா சானு, இவங்களுக்குச் சாயா போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாமி எழுந்தார். விளம்பரத் தாளை நாலாக மடித்து மகளின் கையில் வைத்தார்.

"பத்திரமா வச்சுக்க. மூணாவது மாடியில்லா? உனக்கும் ஒருநாளு கால்முட்டு வலிக்கும்."