சிவப்பு வளையம் போட்ட மரம்

"அக்கா, தூங்கிட்டியா?"ன்னு சின்னவ மூணாவது தடவையா கேட்டா. எழுப்பி விட்டுட்டு இது என்ன கேள்வின்னு அக்கா போர்வைக்குள்ளேயிருந்து முனகினா. வெளிய மழை விட்டும் காடு சொட்டிக்கிட்டே இருந்துச்சு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவோட குறட்டை.

அப்பாவுக்கு மரத்துல குறி போடுற வேலை. வெட்டலாம்னா சிவப்பு வளையம், கூடு இருந்தா வெள்ளை. பொந்து இருக்கிற மரம்னா அடியில ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கணும். இருவாச்சிப் பொட்டை பொந்துக்குள்ள போயி, மண்ணைக் குழைச்சு வாசலை அடைச்சுக்கிட்டு, றெக்கையெல்லாம் உதுத்துட்டு முட்டை மேல உக்காந்துரும். ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அது வழியா ஊட்டும். அது வருதான்னு பாக்கிறதுதான் வேலையே.

போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். நானே போறேன்னு பதினாறு வயசுச் சின்னவ வீராப்பா பெயின்ட் டப்பாவத் தூக்கிட்டுப் போனா. பலகை பலகையா வேர் விரிஞ்ச அந்த மரத்தடியில பத்து நிமிஷம்கூட உக்காரல. அட்டை கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. சிவப்பை இழுத்துட்டு ஓடியே வந்துட்டா. நோட்டுல ஒரு மணி நேரம் பாத்தாச்சு, பொந்து காலின்னு எழுதினா. அதுக்கடியில அப்பா நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இன்னிக்கு சாயங்காலம் அவ விறகு பொறுக்கும்போது தலைக்கு மேல ரயில் போற மாதிரி றெக்கைச் சத்தம். நிமிந்தா, அலகு நிறைய அத்திப்பழத்தோட ஒரு இருவாச்சி நேரா அந்த மரத்துக்குத்தான் போச்சு.

"விடிஞ்சா அறுக்க வராங்கக்கா. சொன்னா அப்பா வேலை போயிரும். ஏற்கெனவே ஒரு தடவை கூப்பிட்டு எச்சரிச்சிருக்காங்க."

அட்டைக்குப் பயந்து வீட்டு சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடின்னு கேலியா ஆரம்பிச்ச அக்கா, பாதியிலயே நிறுத்திட்டா. அப்பறம் ரொம்ப மெதுவா கேட்டா, "குஞ்சு பொரிச்சிருக்குமா?"

அப்பதான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது, குறட்டை எப்பவோ நின்னுபோச்சு.

கட்டில் கிறீச்சிட்டுச்சு. "எந்த மரம்?"

"ஆத்து வளைவுல இருக்கிறதுப்பா. பெரிய வேர் மரம்."

அவர் திட்டல. ரப்பர் பூட்ஸுக்குள்ள கால விடுற சத்தமும், வெள்ளை டப்பா மூடிய கத்தியால நெம்புற சத்தமும்தான் கேட்டுச்சு.

"நோட்டையும் எடுத்துக்க."

மரத்தடியில சின்னவ டார்ச்சைப் பிடிக்க, அவர் வேர் மேல ஏறி நின்னு வெள்ளை அடிச்சார். அடிக்க அடிக்க அடியிலேர்ந்து சிவப்பு கசிஞ்சு, வளையம் ரோஸ் நிறமாவே நின்னுச்சு. அவ கால்ல அட்டை ஏறிச்சு. அவ குனியல. ஆத்துக்கு அந்தப் பக்கம் லாரி வெளிச்சம் ரெண்டு, மரத்துக்கு மரம் தாவி வந்துக்கிட்டிருந்துச்சு. மேல அந்தக் கீறல்ல ஒரு அலகு நுனி நீண்டு, பழத்துக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு.