கழுத்தில் போட்ட பாதை

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தவமலர் தேயிலைச் செடிகளின்மேல் கத்தரியை வீசிக்கொண்டிருந்தாள். கத்தரியோடு பொருத்திய பெட்டியில் கொழுந்து சரசரவென்று விழுந்தது. செடிகளில் தேங்கிய பனிநீர் சட்டைக் கையை நனைத்து விலா வரை வழிந்தது. பெட்டி நிறைந்ததும் குனிந்து சாக்கில் கொட்டவேண்டும். நிமிர்ந்து மறுபடி வெட்டவேண்டும்.

நேற்று மாலையே கழுத்து இறுகியிருந்தது. பிடரியில் கட்டையைச் செருகியதுபோல் தொடங்கும் வலி, காதுக்குப் பின்னால் ஏறி வலது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் தொட்டதெல்லாம் நோகும். காலையில் சீப்பு பட்டதற்கே பல்லைக் கடித்துக்கொண்டாள். தலைத்துண்டின் விளிம்பு நெற்றியில் உரசும்போது தோல் உரிந்த இடத்தில் உப்பு பட்டதுபோல் எரிந்தது.

இது ஒற்றைத் தலைவலி, இது வந்த பலருக்குக் கழுத்தும் சேர்ந்து வலிக்கும், மெல்லத் தொட்டாலும் தாங்காது, தலையில் பாரம் ஏற்றாதே என்று ரிங்லெட் டவுன் கிளினிக் டாக்டரம்மா சொல்லியிருந்தார். தவமலர் அதை மேனேஜர் லோகேஸ்வரனிடம் போய்ச் சொன்னாள். தலை இருக்கிற எல்லாருக்கும்தான் தலைவலி வரும் என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

முன்பெல்லாம் லோரி மலையின் பாதிவரை இறங்கி வந்து சாக்குகளை ஏற்றிக்கொள்ளும். போன மழையில் மண் சரிந்து அந்தப் பாதை போயிற்று. நிர்வாகம் அதைச் சீர்செய்யவில்லை. சாக்கைத் தலையில் வைத்து மேட்டுச் சாலைவரை நீங்களே ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டது.

வெயில் ஏறியபோது தவமலரும் சாக்கைத் தலையில் ஏற்றினாள். ஈரக் கொழுந்தின் கனம் கழுத்தெலும்பில் இறங்கியது. பாதி மேட்டில் வெளிச்சம் ஊசியாகக் கண்ணுக்குள் பாய்ந்தது. குமட்டியது. கால் சறுக்கி, சாக்கோடு சரிந்து விழுந்தாள். கொழுந்து சரிவெங்கும் சிதறியது. விழுந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள்.

பின்னால் வந்த வேலாயி தன் சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கினாள். அந்தக் கை பட்டதற்கே தவமலர் துடித்தாள். அதைக் கண்டு வேலாயி கையை எடுத்துவிட்டு, வெயில் படாதபடி அவள் முன்னால் குடையாக நின்றுகொண்டாள்.

மேலே ஜீப் நின்றது. லோகேஸ்வரன் இறங்கி வந்தார். விழுந்தவளைப் பார்க்கவில்லை, சிதறிய கொழுந்தைப் பார்த்தார்.

"என்ன நாடகம் இது? பனடோல் மாத்திர ஒண்ண போட்டுட்டு தூக்க வேண்டியதுதானே?"

"வாந்தி எடுக்குறா சார்," என்றாள் வேலாயி.

"உன்னைக் கேட்டேனா?" அவர் தன்னோடு இறங்கி வந்த கங்காணி முனியாண்டியின் பக்கம் திரும்பினார். "அள்ளிக் கட்டி அவ தலையிலயே தூக்கி வைலா. இன்னிக்கு ஒருத்திய விட்டா நாளைக்கு எல்லாருக்கும் தலவலி வரும்."

முனியாண்டி கொழுந்தை அள்ளிச் சாக்கைக் கட்டினார். தூக்கக் குனிந்தவர் தவமலரின் முகத்தைப் பார்த்தார். வலது கண் நீர் வழிந்து சுருங்கிக் கிடந்தது. சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னால் முடியாது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்படியா? தூக்க முடியாதவளுக்குத் தோட்டத்து லயத்துல வீடு எதுக்கு? காலி பண்ணிட்டுப் போகச் சொல்லு."

தவமலர் மண்ணில் கையூன்றி எழுந்தாள். பேசினால் தாடைவரை வலித்தது. ஆனாலும் பேசினாள்.

"ரோடு சரிஞ்சி போச்சு சார். அதச் செய்யாம எங்க கழுத்துல ரோடு போட்டுட்டீங்க. நான் இனிமே தூக்க மாட்டேன். வீட்ட விட்டும் போக மாட்டேன்."

"திமிரு," என்றார் அவர். "ஒன்னோட பேச்ச இங்க யாரு கேக்கப்போறா?"

வேலாயி தான் இறக்கி வைத்த சாக்கின்மேல் போய் உட்கார்ந்தாள். "நான் கேட்டேன் சார். நானும் தூக்கல."

மேட்டில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஒருத்தி சாக்கைக் கீழே போட்டாள். அடுத்தவளும் போட்டாள். பங்களாதேஷிலிருந்து வந்த ரஃபிக்குக்குத் தமிழ் பாதிதான் புரியும். அவனது வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பதும் லோகேஸ்வரன் கையில்தான் இருந்தது. அவன் அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையிலிருந்த சாக்கைத் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் நின்றான்.

சாக்குக்குள் அடைபட்ட கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், எல்லாம் பாழ் என்று லோகேஸ்வரன் கத்தினார். போலீசைக் கூப்பிடுவதாகச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. பாதையைச் சீர்செய்யும்வரை யார் தலையிலும் சாக்கு ஏறாது, தவமலர் வீட்டுக் கதவில் கை வைத்தால் லயத்துச் சனம் முழுக்க வெளியே வந்து நிற்கும் என்று வேலாயி அவரிடம் சொன்னாள். அவர் போனை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி மேடேறினார். யாரைக் கூட்டிவருவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தவமலரை ஒரு மர நிழலில் உட்காரவைத்தார்கள். வலி குறையவில்லை. கீழ்ச்சரிவிலிருந்து வந்தவர்களும் விஷயம் கேட்டுச் சாக்குகளைப் போடத் தொடங்கினார்கள். தொப்பென்று விழும் ஒவ்வொரு சத்தமும் அவள் மண்டையில் இடியாக இறங்கியது. மெதுவாகப் போடச் சொல்லட்டுமா என்று வேலாயி கேட்டாள்.

"வேணாம்க்கா," என்றாள் தவமலர். "போடட்டும்."