காலுக்கு ஒரு பலகை

தடார்!

டுவைட் ஒரு ஓக் பலகையை டெல்பர்ட்டின் காலடியில் போட்டான். நான் கிட்டாரோடு துள்ளிவிட்டேன். பாஞ்சோ வாசிக்க வந்திருந்த வில்லார்ட் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினார். என் கணவர் டெல்பர்ட் மட்டும், ஃபிடிலைத் தோளில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெல்பர்ட் அண்ணே, இத்தன வருஷமா உங்க கால் சத்தத்த அடக்கக் கம்பளி விரிச்சே என் இடுப்பு போச்சு," என்றான் டுவைட். எங்கள் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்வது அவன் வேலை. "இன்னிக்கு சினிமாக்காரங்களுக்கு அந்தச் சத்தம்தான் வேணுமாம். நல்லா மிதிங்க!"

உள்நாட்டுப் போர்க் காலத்துப் படம். தானியக் கொட்டகையில் ஊரே ஆடும் காட்சி. ஃபிடில்காரனின் பூட்ஸ் சத்தம்தான் தாளம். கென்டக்கி மலையில் டெல்பர்ட் போலத் தட்ட ஆளில்லை என்று யாரோ சொல்ல, எங்களை நாஷ்வில்லுக்கு வரவழைத்திருந்தார்கள்.

நான்தான் ஒத்துக்கொண்டேன். எங்களோடு பாஞ்சோ வாசித்த மகன் ரோஸ்கோ, மார்ச்சில் சுரங்கத்தின் கூரை சரிந்து செத்துப்போனான். டெல்பர்ட் அழவில்லை. துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். சோளம் விதைத்தார். எதைக் கேட்டாலும் 'சரி' என்றார். ஃபிடில் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வாசித்தால் மனிதர் திரும்பி வருவார் என்று நினைத்தேன்.

வாசித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. கால் மட்டும் அசையவில்லை. அந்தக் கால் விழுந்த பிறகுதான் பாஞ்சோ பாட்டில் சேரும்; வில்லார்ட் அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணே, கால்!"

"சரி."

மறுபடி. அப்புறமும் மறுபடி. பூட்ஸ் பலகையில் ஆணி அடித்ததுபோல இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை, கை தன்பாட்டுக்குக் கம்பியை மீட்டியது. கடைசியில் நானே தட்டினேன்.

"அண்ணி, அது உங்க கால்!" ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டுவைட் கத்தினான். "கோழி வெரட்டுற மாதிரி இருக்கு. இங்க சினிமாக் கம்பெனி அம்மா கடிகாரத்தையே பாக்குது. விட்டா ஆஷ்வில் குழுவக் கூப்பிட்டுரும்."

"மரத்துப்போச்சா டெல்பர்ட்?" என்றார் வில்லார்ட். "சொல்லு, நான் ஏறி மிதிக்கிறேன்."

கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு, டெல்பர்ட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தேன்.

"ஒரே ஒரு தடவ தட்டு டெல்பர்ட். வீட்டுக்குப் போயிடலாம். அப்புறம் எதுவுமே கேக்க மாட்டேன்."

இந்தமுறை அவர் 'சரி' சொல்லவில்லை. வில்லார்டின் மடியில் கிடந்த பாஞ்சோவைப் பார்த்தார். ஃபிடிலைத் தோளிலிருந்து இறக்கினார்.

"நான் கால் தட்டுனாத்தான ரோஸ்கோ பாட்டுக்குள்ள வருவான், லியோட்டா. தட்டி, அவன் வரலன்னா?"