மேனேஜரை அழித்த மத்தியானம்

திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவள் தஸ்னீம். ராயபுரத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். யாருக்கு என்ன பாஸ்வேர்டு, யார் அட்டையைக் காட்டினால் எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது டைரக்டரி சர்வர் என்ற பெட்டி. அதற்கு தினமும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மேனேஜர் பொன்ராஜும் கேட்டுக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

அவருடைய வாதம் எளிது. சர்வர்தான் இரண்டு இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று. முதலாவதில் செய்வதை இரண்டாவது அப்படியே காப்பியடிக்கும், தப்பையும் சேர்த்து, என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஒரு நாள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மார்தட்டினார்.

"என் பேரையே அழிச்சுக்கோ. இன்னொரு சர்வர்லேர்ந்து தானா வந்து நிக்கும், பாரு."

"நெசமாத்தான் சொல்றீங்களா சார்? எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க."

நிஜமாகத்தான் என்றார். அவர் சாப்பிட வெளியே போனதும் தஸ்னீம் அவர் பெயரை டைரக்டரியிலிருந்து அழித்தாள்.  சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

பொன்ராஜ் திரும்பி வந்து அட்டையை நீட்டினார். கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. வாசல் காவலர் எத்திராஜ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருத்தர் இங்கே வேலை செய்யவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு 'பார்வையாளர்' அட்டையை அவர் கழுத்தில் மாட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தஸ்னீம் பெயரைச் சொன்னார் பொன்ராஜ்.

அவள் இரண்டு சர்வரையும் திறந்து காட்டினாள். இரண்டிலும் அவர் இல்லை. நல்லவேளை, எப்போதோ அவளாக எடுத்த நகல் ஒன்று கம்பெனியின் மணலி புதுநகர் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. ஆள் அனுப்பி அதை வரவழைத்து அவருக்கு உயிர் கொடுத்தாள். ஆனால் அது அவருக்குப் பதவி உயர்வு வருவதற்கு முன்னால் எடுத்தது. பொன்ராஜ் மறுபடியும் உதவி மேனேஜராக எழுந்து வந்தார். அவருடைய சொந்த அறையே திறக்கவில்லை. அதை அவள் சரிசெய்யும்வரை வராந்தாவில் நின்றவர், அங்கிருந்தே உத்தரவு போட்டார்: தினமும் நகல், ஒன்று மணலியில், மாதம் ஒரு தடவை நகலிலிருந்து மீட்டுப் பார்க்கும் ஒத்திகை.

முதல் ஒத்திகைக்கு ஆபீசே கூடியது. எதோடும் இணைக்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் புது நகலைத் தஸ்னீம் பெருமையாக ஏற்றினாள். திரையில் ஒரு பெயர்கூட வரவில்லை. நகல்களைச் சேமிக்கும் வட்டு நிரம்பிவிட்டிருந்தது. நகல் எடுக்கும் மென்பொருளோ காலி கோப்புகளை எழுதிவிட்டு, தினமும் 'முடிந்தது' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அவளும் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் காது சிவந்தது. பொன்ராஜ் நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்து, அவள் பாஷையிலேயே கேட்டார்.

"இன்னாம்மா, நீயும் நம்பிக்கினுதான் இருந்தியா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வட்டு நிரம்பினால் இருவர் போனுக்கும் சேதி வரும்படி அன்றைக்கே மாற்றினாள். மத்தியானம் எல்லாருக்கும் அவள் செலவில் பிரியாணி. பொன்ராஜ் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, கத்தரிக்காய் கொத்சுவில் உப்பு குறைவு என்றார்.