கோதண்டபாணி இல்லாத பந்தி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல. 2014இல் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் சொன்னது. ஷாலினி என்று வைத்துக்கொள்வோம். ஊர் கோலியனூர், ஆராய்ச்சி பெங்களூரில். மறுநாள் திண்டிவனத்தில் அண்ணன் கல்யாணம்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பின் பெரும்பாலான வேலைகளைப் புரதங்கள் செய்கின்றன. அந்தப் புரதங்களை உருவாக்குவதற்கான சேதியைக் கொண்டுபோவது ஆர்.என்.ஏ. சில ஆர்.என்.ஏ.க்களோ எந்தப் புரதத்துக்கும் சேதி கொண்டுபோவதில்லை. அப்படி ஒன்றுதான், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வளரும்போது ‘பெருகியது போதும்’ என்று தடுக்கிறது என்பது அவள் கணிப்பு. தடுக்க ஆளில்லாவிட்டால் புற்றுநோய். எலியின் வெள்ளணுக்களில் அந்த ஆர்.என்.ஏ.வை முடக்கிவிட்டு வந்திருக்கிறாள். அவை நிற்காமல் பெருகினால் கணிப்பு சரி. நின்றுவிட்டால் ஆறு வருட உழைப்பு குப்பைக்கு. முடிவு நாளை போனில் வரும்.

முன் இருக்கையிலிருந்து அம்மா ஜெயம்மாள் திரும்பினாள். “ஒண்ணுமே பண்ணாத ஒண்ணுக்கா ஆறு வருசமா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கே?”

2

தொடக்கம், முதல் முயற்சி: ஷாலினியின் அப்பாவைப் புற்றுநோய் கொண்டுபோன அன்று

[வேண்டாம். மனிதர் அதே பேருந்தில் ஜெயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார். அவரை எப்படிக் கொல்வது?]

3

கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. ஆகவே இனி என் கற்பனை. [கோதண்டபாணி மட்டும் நிஜம். என் மாமா, ஷாலினிக்கு இரவல் கொடுத்திருக்கிறேன்.]

கோதண்டபாணி மாமா காய் நறுக்கமாட்டார், பரிமாறமாட்டார். பந்தி வாசலில் நின்று, “இருங்க, இலை எடுக்கட்டும்” என்று ஆட்களைத் தடுப்பார். அவ்வளவுதான்.

“சும்மாதானே நிக்கற, போய் பொண்ணு ஊட்டுக்காரங்கள இட்டுக்கினு வா” என்று ஜெயம்மாள் தம்பியை அனுப்பிவிட்டாள்.

பத்தே நிமிடம். சாப்பிடுகிறவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பேர். எச்சில் இலைக்கு முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கடி உங்க மாமா? ஜல்தி கூப்புடு! நிறுத்த ஆளில்லாம ஒரே பேஜாராப் போச்சு!”

“நீதானேம்மா அனுப்புன, சும்மா நிக்கறாருன்னு.”

ஜெயம்மாள் மகளை உற்றுப் பார்த்தாள். “ஏண்டி, உன் ஆராய்ச்சி இதானா?”

போன் அடித்தது. ஷாலினியின் இரண்டு கையிலும் பாயச வாளி. அம்மாவே எடுத்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

“நின்னுச்சா சார், நிக்கலையா?”

4

முடிவு ஒன்று: மறுமுனையில் ஒரு பெருமூச்சு

[இல்லை, இதை நான் எழுதமாட்டேன்.]

அந்தப் பெண் திண்டிவனத்தில் இறங்கிப் போய்விட்டாள். உண்மை எனக்குத் தெரியாது. பதிலை நீங்களே சொல்லுங்கள். ஆனால் தயவுசெய்து ‘நிக்கலை’ என்று சொல்லுங்கள். அவள் அப்பா கொடுத்த மல்லாட்டையைத் தின்றவள் நான்.